45 நாள் குட்டி

வாசகி கடிதம்:

"டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். நாங்கள் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறோம். ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பையன் ரெண்டு வருஷமாக நாய்க்குட்டி கேட்டுக்கொண்டே இருந்தான். இதற்கு முன் எங்கள் வீட்டில் நாய் வளர்த்ததே இல்லை. முழுப் பரீட்சை முடிந்ததும் ஊருக்குள் ஒரு பெட் ஷாப்பில் லேப் குட்டி ஒன்றை 8,000 ரூபாய்க்கு வாங்கினோம். '45 நாள் குட்டி, ஊசி போட்டாச்சு' என்று சொல்லி ஒரு புத்தகமும் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் சாப்பிடாமல் சுருண்டு படுத்தது. மறுநாள் வாந்தி, அப்புறம் ரத்தமாகப் பேதி. டாக்டர் பார்வோ என்றார். டிரிப்ஸ் ஏற்றியும் ஆறாம் நாள் விடியற்காலையில் போய்விட்டது.

கடைக்காரரிடம் கேட்டால், 'பசும்பால் கொடுத்திருப்பீங்க, குளிப்பாட்டியிருப்பீங்க, அதான்' என்கிறார். பையன் பால் கொடுத்தது உண்மை. தன்னால்தான் செத்தது என்று இன்னும் அழுகிறான். அந்தக் கடையில் ஒரே கூண்டில் ஏழெட்டுக் குட்டிகள், கீழ்த்தட்டில் முயல்கள், ஓர் அட்டைப்பெட்டியில் இறகு சரியாக முளைக்காத பச்சைக்கிளிக் குஞ்சுகள். இந்தக் கடைகளுக்கெல்லாம் சட்டம் ஏதாவது உண்டா? யாரிடம் சொல்வது? கடைக்காரர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு உறவு. 'எதுக்கு வம்பு, பாண்டியில வேற குட்டி வாங்கிக்கலாம்' என்கிறார் என் கணவர். என்ன செய்யட்டும்?"

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கடலூர்.

அன்புள்ள சகோதரிக்கு,

சட்டத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் இந்தப் பத்தியை உங்கள் பையனிடம் படித்துக் காட்டுங்கள்.

தம்பி, நீ கொடுத்த பாலால் உன் குட்டி சாகவில்லை. பசும்பால் சில குட்டிகளுக்கு ஒத்துக்கொள்ளாது. வயிறு இளகும், பாலை நிறுத்தினால் சரியாகிவிடும். பார்வோ என்பது ஒரு வைரஸ். நோய் கண்ட நாயின் மலத்திலிருந்து தரை, கிண்ணம், செருப்பு, மனிதர் கை என்று எதிலாவது ஒட்டிக்கொண்டு வந்து இன்னொரு குட்டியின் வாய்க்குள் போகும். போனவுடன் தெரியாது. வாந்தியும் பேதியும் தொடங்கக் குறைந்தது மூன்று நாள், பெரும்பாலும் நாலிலிருந்து ஏழு நாள் ஆகும். உன் குட்டி மூன்றாம் நாள் சாயங்காலமே சுருண்டுவிட்டது. நீயே நாளை எண்ணிப் பார். உங்கள் வீட்டில் அதற்கு முன் நாய் கிடையாது. அது உங்கள் வாசற்படி ஏறும்போதே கிருமி அதன் குடலுக்குள் இருந்திருக்கிறது. அதைக் கூண்டிலிருந்து வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டவன் நீ. இதில் உன் தப்பு ஒன்றுமில்லை.

இனி உங்களுக்கு.

கடைக்காரர் வாய்விட்டுச் சொன்ன வார்த்தையிலேயே விஷயம் இருக்கிறது. '45 நாள் குட்டி.' நம் பக்கத்து நாய் வியாபாரத்தில் இதை ஏதோ சாஸ்திரம் விதித்த கணக்கு மாதிரிச் சொல்கிறார்கள். 45 நாள் ஆனால் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து விற்கலாம் என்று வாங்குபவர்களும் நம்புகிறார்கள். சட்டம் சொல்வது எட்டு வாரம், அதாவது 56 நாள். நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய 2017ஆம் ஆண்டு விதிகளும், செல்லப்பிராணிக் கடைகளுக்கான 2018ஆம் ஆண்டு விதிகளும் எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. இரண்டுமே 1960ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு கொண்டுவந்த விதிகள். ஆக, 'இது 45 நாள் குட்டி' என்று சொல்லி விற்பவர், விதியை மீறுகிறேன் என்று தானே சொல்லிவிட்டு விற்கிறார்.

வெறும் பதினோரு நாள் வித்தியாசத்துக்கா இவ்வளவு பேச்சு என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்தப் பதினோரு நாளில்தான் பல குட்டிகளின் உயிர் இருக்கிறது. பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பாலிலிருந்துதான் தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி குட்டிக்கு வருகிறது. அது ஆறாவது வாரத்துக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். ஒரு குட்டிக்கு எட்டாவது வாரத்திலேயே தீர்ந்துவிடும், இன்னொன்றுக்குப் பதினாறாவது வாரம் வரை கொஞ்சம் மிச்சம் இருக்கும். தாயிடமிருந்து வந்த சக்தி மிச்சம் இருக்கும்வரை, நாம் போடும் தடுப்பூசி மருந்தை அதுவே அடித்துப் போட்டுவிடும். அந்தச் சக்தி நோயைத் தடுக்கப் போதாமலும், ஊசி பிடிக்கவிடாமல் செய்யுமளவுக்கு இருந்தும் சில நாட்கள் உண்டு. குட்டியின் வாழ்க்கையில் மிக ஆபத்தான நாட்கள் அவைதான். அதனால்தான் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி, பிறகு மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறோம். 45 நாளில் 'ஊசி போட்டாச்சு' என்றால், உண்மையாகவே போட்டிருந்தாலும் அது முதல் ஊசி. அதை நம்பி அந்தக் குட்டியை ஊர் ஊராகப் பல வீட்டுக் குட்டிகள் வந்து சேரும் ஒரு கூண்டில் விடுவது, நீச்சல் பழக ஆரம்பித்த பிள்ளையைப் பெண்ணையாற்று வெள்ளத்தில் இறக்குவதற்குச் சமம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரைதான் ஒரு நாய் உலகத்தைப் பழகுகிறது. எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதைக் கூடப்பிறந்த குட்டிகளோடு கட்டிப் புரண்டுதான் கற்றுக்கொள்கிறது. முப்பது நாளிலேயே பிரித்துக் கொண்டுவந்த குட்டிகள் பிழைத்து வளர்ந்தாலும், வீட்டுப் பிள்ளைகளைக் கடிக்கிறது, சத்தம் கேட்டால் நடுங்குகிறது என்று ஒரு வருஷம் கழித்து என்னிடம் கூட்டி வருவார்கள். அப்போது சரிசெய்வது கஷ்டம்.

முப்பது நாள் என்று ஏன் சொன்னேன் என்றால், கடையில் சொல்லும் வயது பெரும்பாலும் பொய். இதை நீங்களே கண்டுபிடிக்கலாம். குட்டியின் உதட்டை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். நாய்க்குப் பால் பற்கள் 28. முன்பற்கள் நாலு வாரத்துக்கு மேல்தான் வெளியே வரும், கடைவாய் வரை எல்லாம் முளைத்து முடிய ஏறக்குறைய எட்டு வாரம் ஆகிவிடும். முன்பற்களே அரிசி முனை போல இப்போதுதான் எட்டிப்பார்க்கின்றன என்றால் அது நாலைந்து வாரக் குட்டி, விற்பவர் என்ன சத்தியம் செய்தாலும் சரி. '45 நாள்' என்று என் மேசைக்கு வந்தவற்றில் எத்தனையோ குட்டிகள் பல்லைப் பார்த்தால் முப்பது முப்பத்தைந்து நாள்தான் இருக்கும். இவ்வளவு சின்னதாகப் பிரிப்பதற்குக் காரணம் பணம். குட்டி எவ்வளவு சின்னதோ அவ்வளவு அழகு, சீக்கிரம் விலைபோகும். வளர்ப்பவருக்கு இரண்டு மூன்று வாரத் தீனிச் செலவும் ஊசிச் செலவும் மிச்சம்.

சட்டம் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு, பழைய சட்டம். ராஜ்ய சபா உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் விடாமல் வலியுறுத்தியதன் பலனாக 1960இல் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962இல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்துக்கும் அவர்தான் முதல் தலைவர். கலாக்ஷேத்ராவை உருவாக்கியவராக மட்டும் அவரைத் தெரிந்தவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அசையக்கூட இடமில்லாத கூண்டில் அடைப்பது, போதிய தீனியும் தண்ணீரும் நிழலும் தராமல் இருப்பது, நெரிசலாலும் பட்டினியாலும் வதைபடும் பிராணியை விற்பனைக்கு வைப்பது எல்லாம் இந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றம். ஆனால் முதல் முறை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை. அச்சுப் பிழை இல்லை, ஐம்பது ரூபாய்தான். 1960இல் ஐம்பது ரூபாய்க்கு ஒரு மதிப்பு இருந்தது. இன்று அந்தக் கூண்டுக்குள் இருக்கும் தண்ணீர்க் கிண்ணத்தைக்கூட அந்தக் காசுக்கு வாங்க முடியாது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

அதனால்தான் 2018 விதிகள் முக்கியம். அவை அபராதத்தை நம்பியிருக்கவில்லை, கடை நடத்தும் அனுமதியையே பிடித்துக்கொள்கின்றன. நாய், பூனை, முயல், கினிப் பன்றி, வெள்ளெலி, கூண்டுப் பறவை என்று செல்லப்பிராணி எதை விற்றாலும், மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்யாமல் கடை நடத்தக் கூடாது. பதிவுக் கட்டணம் 5,000 ரூபாய், ஐந்து வருஷம் செல்லும். சான்றிதழைக் கடையில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டிவைக்க வேண்டும். எந்தப் பிராணி எங்கிருந்து வந்தது, யாருக்கு விற்றது, எது செத்தது என்று பதிவேடு எழுத வேண்டும். நோய்வாய்ப்பட்டதைத் தனியே வைத்து மருத்துவம் பார்க்க வேண்டும், விற்பனைக்கு வைக்கக் கூடாது. வாரியம் சோதனைக்கு ஆள் அனுப்பலாம், பதிவை ரத்து செய்யலாம்.

இதில் ஒரு குழப்பம் எப்போதும் நடக்கும். 'ரெஜிஸ்ட்ரேஷன் இருக்கா' என்று கேட்டால் மாநகராட்சித் தொழில் உரிமத்தைக் காட்டுவார்கள், இல்லையென்றால் ஜி.எஸ்.டி. சான்றிதழை. 'கே.சி.ஐ. பேப்பர் இருக்கு மேடம்' என்றும் சொல்வார்கள். கே.சி.ஐ. என்பது கென்னல் கிளப் ஆஃப் இந்தியா, நாயின் வம்சாவளிக்குச் சான்று தரும் அமைப்பு. கடையின் சுத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் கேட்க வேண்டியது தமிழ்நாடு விலங்குகள் நல வாரியத்தின் பதிவுச் சான்றிதழ்.

குட்டிகளை ஈனவைத்து விற்பவர்களுக்கும் தனியாகப் பதிவு வேண்டும். 18 மாதம் நிரம்பாத பெண் நாயைச் சினைக்கு விடக் கூடாது, வருஷத்துக்கு ஒரு ஈற்றுக்கு மேல் கூடாது, ஆயுளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது என்பது 2017 விதி. கடைக் கண்ணாடிக்குப் பின்னால் துள்ளும் குட்டியைத்தான் நாம் பார்க்கிறோம். அதன் தாய் எங்கோ ஒரு தகரக் கொட்டகையில் எட்டு மாதத்துக்கு ஒருமுறை ஈன்றுகொண்டிருப்பதை யாரும் பார்ப்பதில்லை. அப்படிப்பட்ட தாய்களை நான் பார்த்திருக்கிறேன். முலைகள் தரையில் இழுபடும், முதுகெலும்பை விரல்விட்டு எண்ணலாம். எந்தக் குட்டியை வாங்குவதானாலும் தாயைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

நீங்கள் எழுதிய முயல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேல் கூண்டில் நாய், கீழ்க் கூண்டில் முயல் என்று வைப்பது கொடுமை. நாய் வாடை முகர்ந்துகொண்டே நாள் முழுக்க ஒடுங்கிக் கிடக்கும் பிராணி எப்படிச் சாப்பிடும்? வெயிலையும் முயல் தாங்காது, 30 டிகிரிக்கு மேல் போனாலே தவிக்க ஆரம்பித்துவிடும். கடலூர்க் கத்திரி வெயிலில், கடல் காற்றின் ஈரப்பதமும் சேர்ந்த ஷீட் போட்ட கடைக்குள் அதன் கதி என்ன? நாய்க்கும் நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்றும். காற்றில் ஈரம் கூடினால் அந்த வழியும் அடைபடும். இந்த ஊரில் சைபீரியன் ஹஸ்கியும், மூக்கு சப்பையான 'பக்' நாயும் விற்கக் கடை வைத்திருப்பவர்கள் மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு என் பக்கத்தில் ஒருநாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

பச்சைக்கிளிக் குஞ்சுகளின் கதை வேறு, சட்டமும் வேறு. கழுத்தில் வளையம் உள்ள நம் ஊர்ப் பச்சைக்கிளி, வீட்டில் வளர்க்கவும் கூடாத, விற்கவும் வாங்கவும் கூடாத காட்டுயிர். வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் 1972இன் கீழ் பாதுகாக்கப்பட்டது. 2022 திருத்தத்துக்குப் பின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. சிறைத் தண்டனை வரை போகும் குற்றம். 'லவ் பேர்ட்ஸ்' என்று நம் ஊரில் விற்கும் சின்னப் பறவை ஆஸ்திரேலியாவைப் பூர்வீகமாகக் கொண்டது, கூண்டிலேயே இனம் பெருகுவது, அதற்கு இந்தத் தடை இல்லை. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு, 'கிளிதானே' என்று சாதாரணமாக வாங்கிவிடுகிறார்கள். பச்சைக்கிளி பனை, தென்னை மரப் பொந்துகளில் குஞ்சு பொரிக்கும். குஞ்சை எடுக்கப் பொந்தையே வெட்டிப் பிளப்பார்கள், அடுத்த வருஷம் அந்த மரத்தில் கூடு இருக்காது. 2011 டிசம்பரில் தானே புயல் நம் மாவட்டத்தில் எத்தனை மரங்களைச் சாய்த்தது என்று உங்களுக்கும் தெரியும். மிச்சமிருக்கும் பொந்துகளையும் இப்படிப் பிளந்தால் கிளி எங்கே போகும்? அட்டைப்பெட்டியில் பார்த்தீர்களே, அந்தக் குஞ்சுகளில் பாதி பிழைப்பதே அரிது. மணிக்கு ஒருமுறை தாய் ஊட்டும் வயது அது. இதற்கு விலங்குகள் நல வாரியத்துக்குப் போக வேண்டாம், நேரே வனத்துறை. கடலூர் வனச்சரக அலுவலகத்தில் கடையின் இடம், பெட்டி இருந்த மூலை, நீங்கள் பார்த்த தேதி மூன்றையும் எழுதிக் கொடுங்கள். இதைத் தாமதிக்க வேண்டாம், குஞ்சுகள் ஒரு வாரத்தில் கைமாறிவிடும். குஞ்சுகளைக் காப்பாற்றுகிறேன் என்று நீங்களே காசு கொடுத்து வாங்கிவிடவும் வேண்டாம். அது குற்றம், தவிர அந்தப் பணம் அடுத்த பொந்தைப் பிளக்கப் போகும்.

குட்டி விஷயத்தில் யாரிடம் போவது? போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் 'இது எங்க வேலை இல்லம்மா' என்று திருப்பி அனுப்ப வாய்ப்பு உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி நியாயமும் இருக்கிறது. 11ஆம் பிரிவில் உள்ள குற்றங்களில் பெரும்பாலானவற்றில் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, கூண்டு நெரிசலும் அதில் அடக்கம். ஆகவே அங்கே சக்தியைச் செலவழிக்காதீர்கள். மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கம் ஒன்று இருக்கிறது, கால்நடை பராமரிப்புத் துறையின் மண்டல இணை இயக்குநர் இருக்கிறார். மஞ்சக்குப்பம் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் ஒரே மனுவை இந்த இருவரின் பெயருக்கும் எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொரு நகலைச் சென்னையில் உள்ள தமிழ்நாடு விலங்குகள் நல வாரியத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மனுவில் அழுகையை எழுத வேண்டாம். என்ன தேதியில் வாங்கினீர்கள், என்ன வயது என்று சொன்னார்கள், எத்தனை குட்டி எவ்வளவு பெரிய கூண்டில் இருந்தது, சான்றிதழ் மாட்டியிருந்ததா, குட்டிக்கு எந்தத் தேதியில் என்ன ஆனது என்று மட்டும் வரிசையாக எழுதினால் போதும்.

அதற்கு முன்பு அந்தக் கடை பதிவு செய்யப்பட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு நல்ல வழி தகவல் உரிமைச் சட்டம். வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரே கேள்வி எழுதுங்கள்: கடலூர் மாநகராட்சி எல்லைக்குள் 2018 விதிகளின்படி பதிவு பெற்ற கடைகள் எவை? 30 நாளில் பதில் தர வேண்டும். ஒரு கடையைக் குறிப்பிடாமல் எல்லாக் கடைகளையும் கேட்பதால் உங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்கவும் சங்கடம் இருக்காது.

கொடுத்த பணமும் சிகிச்சைச் செலவும் திரும்ப வேண்டுமானால் அது வேறு வழி. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பணம் அனுப்பியது ஜி.பே.யில் என்றால் அந்தப் பதிவு, டாக்டரின் சிகிச்சைச் சீட்டு, பார்வோ கிட் பரிசோதனை செய்திருந்தால் அதன் முடிவு எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள்.

உங்கள் கணவர் 'எதுக்கு வம்பு' என்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நானும் அப்படி இருந்தவள்தான். பணியில் இருந்த நாளில், நான் தினமும் கால்நடை மருந்தகத்துக்குப் போகும் வழியில் ஒரு கடை இருந்தது. வருஷம் முழுக்க அங்கே வாங்கிய குட்டிகள் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கும். வாந்தி, பேதி, டிரிப்ஸ். ஒரு மழைக்காலத்தில் ஒரே வாரத்தில் நாலு குட்டிகள் செத்தன. நாலும் ஒரே ஈற்று. நான் அந்தக் கடைக்குள் ஒருநாளும் போகவில்லை. எழுத்துப்பூர்வமாக யாரும் புகார் தரவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 2018 விதிகள் அப்போது இல்லைதான், 1960ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. அரசு மருத்துவர் ஒருத்தி உள்ளே போய், 'இந்தக் கூண்டைக் கழுவி எத்தனை நாளாச்சு' என்று கேட்டிருந்தாலே ஏதாவது மாறியிருக்கும். நான் கேட்கவில்லை. அந்த நாலாவது குட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு போன பெண்பிள்ளையின் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

கடைக்காரரும் குடும்பஸ்தர், தெரிந்தவர், அவர் பிழைப்பில் மண் போடுவதா என்ற உறுத்தல் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அது நல்ல மனசு. மனு கொடுப்பதற்கு முன் ஒருமுறை நீங்களும் உங்கள் கணவரும் அவரிடம் நேரில் போங்கள். சண்டை வேண்டாம். 'அண்ணே, வாரியத்துல பதிவு பண்ணியிருக்கீங்களா, சர்டிபிகேட்டைக் காட்டுங்க' என்று கேளுங்கள். சிலருக்கு இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. ஐந்து வருஷத்துக்கு 5,000 ரூபாய் என்பது கடை வைத்திருப்பவரால் முடியாத தொகையில்லை. கூண்டுக்கு நாலு குட்டி குறைப்பது, எட்டு வாரம் ஆகாததை வாங்க மறுப்பது, ஒரு டாக்டரை மாதம் இரண்டு முறை வரச்சொல்வது எல்லாம் செய்யக்கூடியவையே. இரண்டு வாரம் பாருங்கள். மாறினால் நல்லது. அதே கூண்டில் அதே எண்ணிக்கையில் புதுக் குட்டிகள் வந்திருந்தால் மனுவை எழுதுங்கள், தயங்காதீர்கள். கிளிக் குஞ்சு விஷயத்துக்கு இந்த இரண்டு வாரத் தவணை கிடையாது.

பாண்டிக்குப் போனால் பிரச்சினை தீராது. விதிகள் மத்திய அரசு விதிகள் என்பதால் அங்கும் இதே எட்டு வாரம், இதே பதிவு. ஆனால் எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டினால் அது வேறு நிர்வாகம். அங்கே வாங்கிய குட்டிக்கு ஏதாவது ஆனால் தமிழ்நாடு வாரியத்திடம் முறையிட முடியாது, புதுச்சேரி கால்நடைத் துறையிடம் போக வேண்டும். உண்மையில் கடலூரில் வாங்கிச் சாகும் குட்டிக்குப் பாண்டியைக் கைகாட்டுவதும், பாண்டியில் சாகும் குட்டிக்குக் கடலூரைக் கைகாட்டுவதும் பல வருஷமாக நடக்கிறது. பாண்டியால் உங்களுக்கு ஓர் உபகாரம் உண்டு. குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் அங்கே கொண்டுபோகலாம்.

இப்போது உடனே இன்னொரு குட்டி வேண்டாம், அது எங்கிருந்து வந்தாலும் சரி. பார்வோ கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், நிழலான ஈர மண்ணில் ஒரு வருஷம்கூட. சாதாரண பினாயிலுக்கு அது சாகாது. குட்டி படுத்த துணி, சாக்கு, சாப்பிட்ட பிளாஸ்டிக் கிண்ணம் எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். தரையை முதலில் சோப்புப் போட்டுக் கழுவி, பிறகு திரவ பிளீச் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிஷம் ஊறவிட்டுக் கழுவுங்கள். அப்போது ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், பையனை வெளியே அனுப்பிவிடுங்கள். வாசல் மண்ணைக் கழுவ முடியாது, அதை வெயில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பையனுக்கு நாய் வேண்டும் என்றால், ஊசிகள் எல்லாம் போட்டு முடித்த வளர்ந்த நாய் ஒன்றை எடுத்து வளர்க்கலாம். அதற்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை, வீட்டைச் சுத்தம் செய்து முடித்தால் போதும். உங்கள் தெருவிலேயே நாலு நாட்டு நாய்கள் நிற்கும். நம் வெயிலும் நம் மழையும் அவற்றுக்குப் பழக்கம். ஒன்றைத் தேர்ந்தெடுத்து ரேபிஸ் ஊசி, பார்வோ உள்ளிட்ட கூட்டு ஊசி, குடற்புழு மருந்து, கருத்தடை அறுவை எல்லாம் செய்துகொண்டு வீட்டுக்குள் அழைத்தால் அது பத்துப் பன்னிரண்டு வருஷம் உங்கள் பையனோடு இருக்கும். பெயர் வைக்கும் வேலையை அவனிடமே விட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. கடையில் கொடுத்த ஊசிப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். திறந்து பாருங்கள். ஊசி மருந்துப் புட்டியில் இருந்து உரித்து ஒட்டிய, தொகுதி எண் உள்ள ஒட்டுத்தாள் இருக்கிறதா? போட்ட தேதி, டாக்டரின் கையெழுத்து, அவரது பதிவு எண் இருக்கின்றனவா? வெறும் பேனாவால் 'ஊசி 1' என்று கிறுக்கி, கடையின் ரப்பர் ஸ்டாம்ப் மட்டும் குத்தியிருந்தால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். மனுவோடு முதலில் இணைக்க வேண்டிய தாள் அதுதான்.